விரிசலைக் காணவில்லை

ஒரகடத்தில் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், காருக்கும் லாரிக்கும் வேண்டிய திருகாணியைச் செய்கிறார்கள். இவர்களுக்கு நடுவில், ஒரு டயர் கிடங்குக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் இடைப்பட்ட சந்தில், சின்ன விமானங்களின் புரொப்பெல்லரை வாங்கிக் கழுவி, சோதித்து, செப்பனிட்டுத் திருப்பிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றும் இருக்கிறது. வாசலில் புரொப்பெல்லர் படம் போட்ட பலகையை வைத்த நாளிலிருந்து, கோடைக்காலத்தில் யாராவது ஒருவர் சீலிங் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து காயில் கட்டித் தரமுடியுமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வாட்ச்மேன் முதலில் கோபப்பட்டார். இப்போது அடுத்த தெருவில் இருக்கும் கடையைக் கை காட்டிவிடுகிறார். அங்கே அவருக்கு டீ இலவசம்.

இந்தக் கம்பெனியில் பகலவன் இன்ஸ்பெக்டர். இதை அவன் அம்மா கல்யாணத் தரகரிடம் சொன்னபோது தரகர் எழுந்து நின்றுவிட்டார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். விளக்கிச் சொன்னபின் மெதுவாக உட்கார்ந்தார்.

விளக்கம் இதுதான். விமானம் பறக்கும்போது புரொப்பெல்லரின் பிளேடு சுற்றுகிற வேகம் அதை வெளியே இழுக்கும், இஞ்சின் அதை உதறும். லட்சக்கணக்கான தடவை இழுத்து உதறினால் அலுமினியத்துக்கும் ஒரு நாள் அலுத்துப்போகும். அலுப்பை அது வாய்விட்டுச் சொல்லாது. தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு விரிசல் விடும். அதைத் தரையில் கண்டுபிடிக்காவிட்டால் வானத்தில் அது தானாகவே தெரியவரும். ஆகவே பிளேடின் மேல் ஒரு பச்சை எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மேலே இருப்பதைக் கழுவி, வெள்ளைப் பவுடர் தூவி, இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். விரிசலுக்குள் பதுங்கியிருந்த எண்ணெய் மட்டும் கசிந்து வந்து பச்சைக் கோடாக மின்னும். அந்தக் கோட்டைப் பார்ப்பவன்தான் இன்ஸ்பெக்டர். சூரியன் பெயரை வைத்துக்கொண்டு பிள்ளை நாளெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறானே என்று அம்மாவுக்கு வருத்தம். இருட்டறையில் ஏ.சி. இருப்பதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

பகலவனிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. அதில் ஏழு என்ற எண் இருக்கும். அவன் குத்தினால் பிளேடு பறக்கலாம். குத்தாவிட்டால் சிவப்புச் சீட்டுக் கட்டி, யாரும் திரும்ப மாட்டிவிடாதபடி இரண்டாக வெட்டி, பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். ஊரில் ஒருவரும் மதிக்காத அவன் கையெழுத்தை இந்த ஏழுக்காக ஆகாயமே மதித்தது. சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் அதைத்தான் வைத்திருந்தான்.

எம்.டி. புருஷோத்தமனுக்கு அந்த ஏழைக் கண்டாலே ஆகாது. கார் உதிரிபாகத் தொழிலில் முன்னுக்கு வந்தவர், நல்லவர், போனஸ் நேரத்தில் மட்டும் காது கேட்காது. விரிசலைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தம் உண்டு. உலகத்தில் எல்லாப் பொருளும் பார்க்காதவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, இந்தப் பையன் பார்ப்பதால்தான் விரிசல் வருகிறது என்பது அது. போன மாதம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் பிளேடைப் பகலவன் கழித்துவிட்டான். பள்ளிக்காரர் போனில் கத்தியதை வாட்ச்மேன் வாசலிலிருந்தே கேட்டார். அந்தக் கோபத்தில் புருஷோத்தமன் மறுநாளே பிளேடைப் பக்கத்தில் நின்று வெட்டவைத்து, லாரியில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். அப்புறம் பகலவனைக் கூப்பிட்டு, ஆயுத பூஜை முடிந்ததும் ஆடிட்டர் வருகிறார், உன் கண்ணை அவர் சோதிப்பார், அதில் ஏதாவது கோளாறு என்று சொன்னால் ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று தெரிவித்தார். அன்று மாலை அந்த நாற்காலியைத் தாயாரம்மாள் தூசி தட்டிக்கொண்டிருந்ததைப் பகலவன் பார்த்தான். தாயாரம்மாள் கம்பெனியைப் பெருக்கித் துடைப்பவர். சொல்லாமல் எதையும் தூசி தட்டமாட்டார்.

பகலவன் கவலைப்படவில்லை. அவனிடம் மாஸ்டர் இருந்தது.

மாஸ்டர் என்பது ஆள் அல்ல. எப்போதோ விரிசல் விட்ட ஒரு பழைய பிளேடு. வெட்டாமல், பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அதைத்தான் முதலில் விளக்கில் காட்டுவான். இருக்கிறது என்று தெரிந்த விரிசல் இன்றைக்கும் தெரிந்தால், எண்ணெய் சரி, விளக்கு சரி, கண்ணும் சரி. ஆடிட்டர் முன்னால் அந்த விரிசலை எடுத்துக் காட்டினால் போதும். ஏழு இன்னும் ஒரு வருஷத்துக்கு அவன் பையில்தான். கம்பெனியில் பழுதாக இருப்பதற்காகவே மரியாதை பெற்ற ஒரே பொருள் மாஸ்டர்.

ஆயுத பூஜையன்று அவரவர் ஆயுதத்தை எடுத்து வைத்தார்கள். பாலிஷ் போடும் மோகன் தன் அரங்களையும் பஃபிங் சக்கரத்தையும் வைத்தான். கம்பெனி பஸ் டிரைவர் பஸ்ஸையே வைத்தார். பகலவன் ஊதா விளக்கை வைத்தான். அப்புறம் அவனுக்கு மனசு கேட்கவில்லை. வருஷமெல்லாம் சோறு போடுகிற மாஸ்டரைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு விளக்குக்கு மட்டும் பொட்டு வைப்பது நன்றிகெட்ட காரியமாகப் பட்டது. எடுத்துக்கொண்டு வந்தான். அதன் கழுத்தில் ‘கழிவு’ என்று சிவப்பில் எழுதிய சீட்டு தொங்கியது. சாமிக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தை எதற்கு என்று சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மற்ற பிளேடுகளோடு வரிசையில் மாஸ்டரையும் நிறுத்திவிட்டு, பொரி வாங்க ஸ்ரீபெரும்புதூருக்குப் பைக்கில் போனான்.

பொரி வாங்கிக்கொண்டு வந்தபோது பிளேடு எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னின. எல்லாம் என்றால் எல்லாமும்.

மோகன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கையில் எது கிடைத்தாலும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்காமல் விடமாட்டான். அவன் பெருமையோடு மாஸ்டரைத் தட்டிக் காட்டினான்.

“இது ஒண்ணு மட்டும் மங்கிப்போய் நின்னுச்சு அண்ணாச்சி. சீட்டு ஏதும் இல்லியா, சரி, புதுசா வந்ததுன்னு எடுத்தேன். நடுவுல ஒரு கீறல் வேற கெடந்துச்சு. அரம் போட்டு எடுத்துட்டம்லா. இப்ப கையை வச்சுப் பாருங்க, வழுக்கிட்டுப் போவும்.”

பகலவன் கையை வைத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டுதான் போனது. ஐயர் மணி அடித்தார். புருஷோத்தமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பகலவனும் போட்டுக்கொண்டான்; கொஞ்சம் பலமாகவே.

பூஜை முடிந்ததும் மாஸ்டரையும் ஊதா விளக்கையும் இருட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். விஷயம் அதற்குள் பரவி, மற்ற பிளேடுகளைத் தூக்கிக்கொண்டு மோகனும், ஆடிட் என்னாகுமோ என்ற கவலையில் எம்.டி.யும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். சாதாரணமாக இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரம் உட்கார வேண்டும். அன்றைக்கு உட்காரவில்லை. தினமும் தடவிய எண்ணெயில் மிச்சம் உள்ளே இருக்காதா என்ற நப்பாசையில் புதிதாக எண்ணெயும் தடவவில்லை. விளக்கைக் காட்டியதும் பிளேடின் நடுவில் பச்சைக் கோடு பளிச்சென்று மின்னியது. விரிசல் இருந்த அதே இடம். புருஷோத்தமனுக்கு அவரை அறியாமல் கை குவிந்தது. தன் வாழ்நாளில் ஒரு விரிசலைப் பார்த்து அவர் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் இன்ஸ்பெக்டர் என்பவன் கோட்டைப் பார்த்ததோடு விடக் கூடாது. மருந்து நனைத்த பிரஷ்ஷால் அதைத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிஜமான விரிசல் என்றால் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடியும் கசிந்து கோடு திரும்ப வரும். பகலவன் துடைத்தான். கோடு போனது. காத்திருந்தான். அது திரும்ப வரவில்லை. பக்கத்து பிளேடின் மேல் விளக்கைத் திருப்பினான். அங்கேயும் பச்சைக் கோடு. அதற்குப் பக்கத்திலும். தாயாரம்மாள் பூஜைக்காக ஒவ்வொரு பிளேடிலும் விரலால் இழுத்திருந்த மஞ்சள். மஞ்சளுக்கு ஊதா விளக்கில் அப்படி ஒரு குணம் உண்டு. அந்த எண்ணெயைப் போலவே பச்சையும் மஞ்சளுமாக மின்னும்.

“இருந்துச்சேபா,” என்றார் புருஷோத்தமன், துக்கத்தோடு. “எதுக்கு தொடச்ச?”

அன்று பிற்பகல் முழுக்க ஆலோசனை நடந்தது. புது மாஸ்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆடிட்டர் அதற்கு வெகு முன்னால் வந்துவிடுவார். பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டார்கள். பயிற்சிப் பள்ளியின் பிளேடு உருகி எங்கேயோ அண்டாவாகியிருக்கும் என்று கடைக்காரர் உறுதி கூறினார். மாஸ்டர் போய்விட்டால் ஆடிட் இல்லை, ஆடிட் இல்லாவிட்டால் கம்பெனிக்கே வேலை இல்லை என்பது முழுசாக உறைத்ததும் புருஷோத்தமனின் குரலில் ஒரு பணிவு வந்தது. ஒரு விரிசல், சின்னதாக ஒன்று, கண்டுபிடித்துத் தர முடியாதா என்று பகலவனைக் கேட்டார். கையிருப்பில் இருந்த எல்லா பிளேடையும் பகலவன் அலசிவிட்டான். அத்தனையும் ஆரோக்கியமாக இருந்தன. கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு சோதனை வந்ததில்லை.

சுத்தியலால் ஒரு போடு போட்டால் என்ன என்று எம்.டி. கேட்டார். சுத்தியலால் போட்டால் நசுங்கும் சார், சோர்வு விரிசல் என்பது வேறு, அதற்கு அடிக்கக் கூடாது, விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் படுத்த வேண்டும் என்று பகலவன் விளக்கினான். எம்.டி.யைப் பார்க்காமல் விளக்கினான்.

அப்போதுதான் தாயாரம்மாள் வாயைத் திறந்தார். கோலம் போடுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

“மஞ்சள் கோடுதானே தெரியணும்? ஈர்க்குச்சில தொட்டு நான் ஒண்ணு இஸ்துக் குடுக்கறேன். எம்மாஞ் சன்னமா வோணும், சொல்லு.”

புருஷோத்தமன் பகலவனைப் பார்த்தார். பகலவன் தரையைப் பார்த்தான். தாயாரம்மாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இழுத்தும் விட்டார். விளக்கில் பார்த்தபோது பகலவனே நம்பிவிட்டான். அவ்வளவு லட்சணமான விரிசலை எந்த விமானமும் விட்டதில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு வளைவு வேறு கொடுத்திருந்தார். ஆடிட்டர் துடைத்துப் பார்க்காவிட்டால் பிழைத்தோம் என்று அவன் மனசு கணக்குப் போட்டது. பையிலிருந்த ஸ்டாம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஸ்டோர்ஸ் நாற்காலி ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு கால் குட்டை. இருந்தும் கை பிரஷ்ஷுக்குத்தான் போனது.

“நல்லாத்தான் கீதுக்கா,” என்றான், துடைத்துக்கொண்டே. “ஆனா இதைக் காட்டி ஸ்டாம்பு வாங்கினா, நாளைக்கு நெஜ விரிசலைக் காட்டினாக்கூட, யார் போட்ட கோலம்னு கேப்பாங்க.”

மறுநாள் விஜயதசமி. விடுமுறை. ஆனாலும் எல்லோரும் வந்தார்கள், எதிலாவது ஒரு விரிசல் கிடைக்காதா என்று, வீட்டிலிருந்த அலுமினியத்தோடு. மோகன் தன் பைக்கின் கிளட்ச் பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தான். வாட்ச்மேன் இட்லிக் குண்டானைக் கொண்டுவந்தார். வார்ப்புச் சட்டி, ஆகவே உடம்பெல்லாம் பொத்தல், விளக்கில் நட்சத்திர மண்டலம் மாதிரி மின்னியது. தாயாரம்மாள் கொண்டுவந்த குக்கருக்குள் விளக்கைக் காட்டியபோது அத்தனை வருஷத்து சாம்பாரும் ஒரே நேரத்தில் பிரகாசித்தது. குக்கரைக் கழுவி வைத்திருந்ததாக அவர் சொல்லிக்கொண்டு வந்ததால் பகலவன் விளக்கை அவசரமாக அணைத்தான்.

எம்.டி. தாமதமாக வந்தார். வந்ததும் வராததுமாகத் தன் காரைத் திட்டினார். முன்பக்க இடது டயரில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டதாம். வாரம் ஒரு தடவை இறங்குகிறது. பஞ்சர் கடைக்காரன் ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை என்று சத்தியம் செய்கிறான். திருஷ்டி என்று வீட்டில் சொன்னதால் நேற்றுதான் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பூசணிக்காய் உடைத்தார். அதற்கப்புறமும் இறங்குகிறது என்றால் எவன் கண்ணோ தெரியவில்லை.

பகலவன் குக்கரைக் கீழே வைத்தான்.

“எப்பவும் அதே டயரா சார்?”

“அதேதாம்பா. மத்த மூணும் கல்லு மாதிரி கீது.”

“டயர மாத்திப் பாத்தீங்களா?”

“புது டயரே போட்டேன். அதுலயும் எறங்குது.”

“வீல் இன்னா சார், இரும்பா?”

“யோவ், டாப் மாடல்யா அது,” என்றார் எம்.டி., புண்பட்டவராக. “அலாய்.”

அலாய் என்றால் அலுமினியம். இதற்குள் மோகன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தான். புருஷோத்தமன் தன் காரின் சக்கரம் தன் கண்ணெதிரே கழற்றப்பட்டு, டயர் உரிக்கப்பட்டு, பெயின்ட் அகற்றும் திரவத்தில் குளிப்பாட்டப்படுவதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். மோகனின் கை பழக்கத்தில் உப்புத்தாளைத் தேடியபோது பகலவன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வேலை முடிகிறவரை பிடித்த பிடியை விடவில்லை. ஒற்றைக் கையால் மோகன் பெயின்ட்டை எடுத்தான்.

எண்ணெய், தண்ணீர், பவுடர். இருட்டறைக்குள் இந்தத் தடவை பகலவன் முறைப்படி கண் பழகும்வரை உட்கார்ந்தான், வெளியே எம்.டி. ஏதோ ஸ்லோகம் முணுமுணுப்பது கேட்டது. அப்புறம் விளக்கைப் போட்டான். சக்கரத்தின் உள்வளையத்தில், டயர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பச்சைக் கோடு கோணல்மாணலாக நெளிந்தது. தாயாரம்மாளுடையதுபோல் லட்சணமாக இல்லை. துடைத்தான். போனது. காத்திருந்தான். மெதுவாக, தயங்கித் தயங்கி, அது திரும்ப வந்தது.

வெளியே வந்து கிடைத்துவிட்டது என்றதும் எம்.டி. அவனைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை மாமியார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பெங்களூரு ஹைவேயில் அந்தச் சக்கரத்தின் மேல்தான் பறந்து போனதாக, யாரும் கேட்காமலே, மெல்லிய குரலில் சொன்னார். அப்புறம் உட்கார ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தாயாரம்மாள் ஸ்டோர்ஸ் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ஆடிட்டர் எழிலரசி மறுநாள் வந்தார். விமானப் படையில் இருந்து விலகியவர். கம்பெனி கொடுத்த இளநீரைத் தொடவில்லை. கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார். இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டதும் வாசலில் நின்ற புருஷோத்தமனின் வெள்ளைச் சட்டை நீலமாக எரிந்தது. கண் கூசுகிறது, வெளியே நில்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். மாஸ்டர் எங்கே என்று கேட்டார். பகலவன் நடந்ததைச் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான்; சொல்ல ஆரம்பித்ததும் அது எவ்வளவு முட்டாள்தனமாக ஒலிக்கிறது என்று அவனுக்கே தெரிந்துபோனது.

“டேக்கை எதுக்குக் கழட்டினீங்க?”

“சாமி முன்னால கழிவுன்னு தொங்க வேண்டாமேன்னு, மேடம்.”

ஆடிட்டர் அதை அப்படியே நோட்டில் எழுதினார். அவன் சக்கரத்தைக் காட்டினான். கோட்டைக் காட்டினான். அவர் பிரஷ்ஷைத் தானே வாங்கித் துடைத்தார், ஒன்றுக்கு இரண்டு தடவை. இரண்டு தடவையும் கோடு திரும்ப வந்தது. வெளியே, கதவில் காதை வைத்திருந்த மோகன், வந்துட்டு, வந்துட்டு என்று மற்றவர்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தான்.

“கண்ணு சரியாத்தான் இருக்கு,” என்றார் ஆடிட்டர் கடைசியில். “மூளைதான் ஆயுத பூஜைக்கு லீவுல போயிருக்கு. ஸ்டாம்ப் உங்ககிட்டயே இருக்கட்டும். பீரோ சாவி இனிமே உங்ககிட்ட இருக்கக் கூடாது.”

புது மாஸ்டர் வருகிறவரை எந்தப் பிளேடும் வெளியே போகக் கூடாது என்று எழுதிக்கொண்டார். பிறகு, எந்த விமானத்துச் சக்கரம் இது என்று கேட்டார். விமானம் இல்லை மேடம், எம்.டி. சாரின் கார் என்றான் பகலவன். ஆடிட்டர் மூடியைத் திருகிப் பாட்டிலைப் பைக்குள் வைத்தார்.

“மத்த மூணையும் பாத்துட்டீங்களா?”

பார்த்தார்கள். பின்பக்க வலதில் ஒன்று இருந்தது. காற்று இறங்கும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை. வெல்டு அடித்து ஓட்டிக்கொள்ளலாமா என்று புருஷோத்தமன் கேட்டபோது, கழித்த பொருள் திரும்ப ஓடக் கூடாது என்ற விதியை ஆடிட்டர் அவருக்கே படித்துக்காட்டினார். முதல் சக்கரத்தை வெட்டாமல் மாஸ்டருக்குப் பதிலாக வைத்துக்கொள்ள, அதில் பகலவன் சிவப்புச் சீட்டைக் கட்டினான்; பையில் இருந்தது அந்தப் பழைய சீட்டுதான். இரண்டாவதை மோகன் வெட்டினான். டாப் மாடல் கார் நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் எம்.டி. ஏறியபோது பாட்டை நிறுத்திவிட்டார்கள். எந்த சீட்டு யாருடையது என்று தெரியாமல் அவர் கொஞ்சம் தடுமாறி, பகலவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி வல்லக்கோட்டைப் பக்கம் திரும்புகிறவரை ஜன்னல் வழியாகத் தாண்டிப் போகும் கார்களின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த டிரெய்னிங் ஸ்கூல் பிளேடு,” என்றார் அப்புறம். “அதுல நெஜமாவே இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“தொடச்சுப் பாத்தியா?”

“திரும்ப வந்துச்சு சார்.”

எம்.டி. தலையாட்டினார். ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியது. எல்லோரும் பழக்கத்தில் ஒன்றாகக் குதித்து ஒன்றாக உட்கார்ந்தார்கள், எம்.டி. மட்டும் தாமதமாக உட்கார்ந்தார். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, கீழே எங்கோ சக்கரம் இருக்கும் திசையில் பார்த்தார்.

“இதுவும் அலாயா?”

“இல்ல சார், இரும்பு. அதுக்கு வேற டெஸ்ட்டு. காந்தம் வச்சிப் பாக்கணும்.”

“அது நம்மகிட்ட கீதா?”

“கீது சார். வோணும்னா நாளைக்குக் காலைல பாத்துடலாம்.”

புருஷோத்தமன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு ஷிஃப்டுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற ஒரே பஸ். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பகலவனின் காதருகே குனிந்தார்.

“வாணாம்பா. நீ பாத்தா இருக்கும்.”

சொன்னாரே தவிர, கம்பியை விடவில்லை. அடுத்த பள்ளம் வருவதற்குள் எழுந்து டிரைவரிடம் போய், கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.